எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நான் கேட்கவில்லை

2022 தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கை அம்மாவாலேயே தின்ன முடியவில்லை. ஒரு துண்டைக் கடித்து மென்றார், விழுங்கப் பார்த்தார், பிறகு நெஞ்சின் நடுவில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தண்ணீர் குடித்ததும் இறங்கியது. "பல்லில்லாதவளுக்கு முறுக்கு எதற்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, மேல்வரிசையில் பாதிப் பற்கள் இல்லை. அவர் சொன்ன காரணம் எனக்கும் சரியாகவே பட்டது. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, வாயில் சிக்குகிறதா, நெஞ்சில் நிற்கிறதா என்பதுதான். வாயில் மெல்ல முடியாதது பல்லின் சிக்கல். மென்று விழுங்கியது நெஞ்சில் நின்றால் அது வேறு. அம்மாவுக்கு அது உணவுக்குழாய்ப் புற்றுநோய். இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தம்பி ஜொகூரில் வேலை செய்கிறான், மாதம் ஒருமுறை வந்து போவான். நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ஆகவே அம்மாவை அழைத்துக்கொண்டு அலைந்தது, படிவம் நிரப்பியது, பணம் கட்டியது, முடிவெடுத்தது எல்லாம் நான் ஒருத்திதான். தவறாக எடுத்த முடிவுகளும் என்னுடையவைதான்.

தீபாவளிக்குப் பிறகு மூன்று மாதங்களில் பக்கத்துக் கிளினிக்குக்கு நான்கு முறை போனோம். நான்கு முறையும் வாயுத் தொல்லை, அமிலம் என்று மாத்திரையும் வெள்ளை மருந்தும் கொடுத்தார்கள். மொத்தம் 380 ரிங்கிட். அதைவிடப் பெரிய தவறு எங்கள் சமையலறையில் நடந்தது. சோறு இறங்கவில்லை என்றதும் குழைய வடித்தேன். குழைந்த சோறும் நின்றது, கஞ்சியாக்கினேன். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். நோய் ஒரு படி ஏற, நானும் சாப்பாட்டை ஒரு படி இறக்கிக்கொண்டே வந்தேன். அம்மா சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று நினைத்தேன். முதலில் கெட்டியான உணவு, அப்புறம் குழைவானது, கடைசியில் தண்ணீர் என்று இந்த வரிசையில் விழுங்குவது கடினமாகிக்கொண்டே போனால் அது உணவுக்குழாய் குறுகிக்கொண்டே வருகிறது என்பதற்கான அடையாளம். உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் தன்மையுள்ளது என்பதால், தொந்தரவு தெரியும்போதே கட்டி ஓரளவு வளர்ந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்கோப், அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லிக் கேளுங்கள். எடையைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. 2023 தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது அம்மாவின் சேலைக் கொசுவம் முன்னைவிட இரண்டு மடிப்பு கூடியிருந்தது. தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த மோரைக்கூட நின்று நின்றுதான் குடித்தார். வீட்டுக்கு வந்து எடை போட்டோம். 58 கிலோவாக இருந்தவர் 49.

அந்த வாரமே பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கோப் எடுத்தோம். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்ததையும் சேர்த்து 2,300 ரிங்கிட். உணவுக்குழாயின் நடுப்பகுதியில் வளர்ச்சி, செதிள் செல் புற்றுநோய் என்று அறிக்கை வந்தது. ஆசியாவில் இந்த வகைதான் அதிகம். அம்மா சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் கிளம்பும்போது வாயில் போட்ட வெற்றிலையும் புகையிலையும்தான் பாதி நாள் அவருக்குச் சாப்பாடு. டாக்டர் அதைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். மலேசியாவில் இந்த நோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது என்றார். சிகரெட், மது, வெற்றிலை பாக்கு மூன்றுமே இதற்குக் காரணமாகும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் பாதுகாப்பானதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

அடுத்து மார்ச்சில் சி.டி. ஸ்கேன், 1,700 ரிங்கிட். குழாயின் சுவர் தடித்திருக்கிறது, பக்கத்தில் நெறிகட்டி எனப்படும் நிணநீர் முடிச்சுகள் இரண்டு வீங்கியிருக்கின்றன, ஈரலிலும் நுரையீரலிலும் ஒன்றும் தெரியவில்லை என்று அறிக்கை. அந்த அறையில் நான் கேட்டவை இரண்டே கேள்விகள்: "குணமாகுமா?", "எவ்வளவு செலவாகும்?" உடம்பில் வேறெங்கே புற்று இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். அதில் வேறெங்கும் பரவவில்லை என்று உறுதியானால் ஐந்து வாரம் மருந்தும் கதிர்வீச்சும், பிறகு அறுவை சிகிச்சை என்றார். என் காதில் விழுந்தது "அறுவை" என்ற ஒரு சொல்தான். அம்மாவின் நெஞ்சைத் திறப்பார்கள் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன். பெட் ஸ்கேனுக்கு நாள் குறிக்கவில்லை.

இப்போது எழுதப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய தந்தை இதே அறுவைக்குப் பிறகு மருத்துவமனையிலேயே இறந்தவர். அம்மா, "என்னை வெட்டக் கொடுக்காதே பாப்பா" என்றார். அந்த நேரத்தில் உறவினர் ஒருவர், கத்தியில்லாமல் கட்டியைக் கரைக்கும் மூலிகை மருந்து என்று ஒருவரைக் காட்டினார். முதல் தவணை 2,200, அடுத்தது 2,600, மூன்றாவது 2,000. ஆக 6,800 ரிங்கிட், ஒன்பது வாரம். அம்மா மருந்தைக் குடித்தார், நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, மருத்துவமனைக்குப் போகாமலிருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது என்பதுதான் உண்மை. ஏப்ரல் கடைசியில் அம்மாவின் குரல் கம்மியது. சளி என்று நினைத்து மிளகு ரசம் வைத்தேன்.

குரல் மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. மே மாதம் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். புற்றுநோய்ப் பிரிவில் இருந்த சீனப் பெண் டாக்டர் அம்மாவைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, காறையெலும்புக்கு மேலே கழுத்தில் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்து ஒரு தாளில் குழாயை வரைந்தார். நோய் தெரிந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு, இது எப்படிப் பரவும் என்று ஒருவர் எனக்கு விளக்கியது அன்றுதான். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

உணவுக்குழாயின் சுவர் அடுக்கடுக்காக இருக்கிறது. உள்தோல், அதற்கடியில் ஒரு மெத்தை போன்ற அடுக்கு, பிறகு தசை, கடைசியில் வெளிப்புறத் திசு. வயிற்றையும் குடலையும் மூடியிருக்கிற உறுதியான மேலுறை இந்தக் குழாயின் பெரும்பகுதிக்குக் கிடையாது. அதனால் தசையைத் தாண்டிய கட்டி எளிதாகப் பக்கத்து உறுப்புகளைத் தொட்டுவிடும். மூச்சுக்குழாய், பெரிய இரத்தக்குழாய், முதுகெலும்பு எல்லாம் ஒட்டினாற்போலத்தான் இருக்கின்றன. இன்னொன்று, உள்தோலுக்குக் கீழே நிணநீர் நாளங்கள் வலை போலப் பின்னியிருக்கின்றன. புற்று அந்த வலையை எட்டிவிட்டால் மேலே கழுத்துவரையும் கீழே வயிற்றுவரையும் ஓட அதற்கு வழி திறந்துவிடும். உள்தோலோடு நின்றுவிட்ட புற்றைப் பல நேரம் ஸ்கோப் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாமாம். அதற்கு அடுத்த அடுக்கைத் தொட்டாலே கதை மாறிவிடுகிறது. எத்தனை முடிச்சுகளில் புற்று இருக்கிறது என்பதையும் எண்ணுகிறார்கள்: ஒன்றிரண்டு, மூன்று முதல் ஆறு, ஏழும் அதற்கு மேலும். எண்ணிக்கை கூடக் கூட வாய்ப்பு குறைகிறது. அதற்கும் அப்பால் ஈரல், நுரையீரல், எலும்பு, தொலைவிலுள்ள முடிச்சுகள் என்று போய்விட்டால் அது நான்காம் கட்டம். குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு ஒன்று நெஞ்சுக்குள் இறங்கி வளைந்து, உணவுக்குழாயை ஒட்டியே மேலே ஏறுகிறது. அங்கே இருக்கும் முடிச்சு வீங்கி அதை அழுத்தினால் குரல் கம்மும். நான் மிளகு ரசம் வைத்தது இதற்குத்தான்.

எண்களையும் கேட்டேன். அவர் முதலில் தயங்கினார், பிறகு சொன்னார். அமெரிக்கக் கணக்குப்படி நோய் உணவுக்குழாயோடு நின்றிருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு கழித்து நூற்றுக்குக் கிட்டத்தட்ட 50 பேர் உயிரோடு இருக்கிறார்கள். பக்கத்து முடிச்சுகளுக்கோ திசுக்களுக்கோ போயிருந்தால் 28 பேர் அளவில். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போயிருந்தால் ஐந்தாறு பேர். நோயின் பெயர் ஒன்றுதான், குழாயும் ஒன்றுதான், ஆனால் பரவிய தூரத்தைப் பொறுத்து வாழ்வின் நீளம் இப்படி மாறுகிறது. மார்ச் மாதம் கையில் இருந்த அறிக்கைப்படி அம்மா நடுவில் இருக்கும் கூட்டத்தில் இருந்தார். முதல் டாக்டர் சொன்ன "ஐந்து வாரம் மருந்தும் கதிர்வீச்சும், பிறகு அறுவை" என்பதன் அருமையும் அன்றுதான் புரிந்தது. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 366 நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். நேரடியாக அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 24 மாதங்களைத் தாண்டினார்கள். முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துப் பிறகு அறுவை செய்தவர்களில் பாதிப் பேர் 49 மாதங்களைத் தாண்டினார்கள். செதிள் செல் வகைக்காரர்களுக்குப் பலன் இன்னும் அதிகமாக இருந்தது. அதாவது அம்மாவின் வகைக்கு. இதைக் கேட்டுவிட்டு மருத்துவமனை வாசலில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு பஸ் போய்விட்டது.

பெட் ஸ்கேன் சீக்கிரம் வேண்டும் என்று வெளியே ஒரு மையத்தில் நாள் வாங்கினேன். அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. ஆறு மணி நேரம் பட்டினி இருக்கச் சொன்னார்கள். இருந்தார். ஆனால் எடை குறைகிறதே என்று முதல்நாள் இரவெல்லாம் நான் சத்துமாவுப் பாலில் சீனி போட்டுக் கொடுத்திருந்தேன். காலையில் சர்க்கரை 14 மில்லிமோலுக்கு மேல், மிக அதிகம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ஏற்றும் அந்த மருந்தே கதிரியக்கம் கலந்த ஒருவகைச் சர்க்கரைதான், புற்றுச் செல்கள் அதை அதிகமாக உறிஞ்சுவதால்தான் படத்தில் ஒளிர்கின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருந்தால் படம் தெளிவாக வராது. அதன் கதிரியக்கம் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும் என்பதால் எடுத்துவைக்கவும் முடியாது. வீணான மருந்துக்கு 900 ரிங்கிட் கட்டினேன், ஆறு நாள் போயிற்று. நீரிழிவு உள்ளவரை அழைத்துப் போவதாக இருந்தால் நாள் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், இன்சுலின் எப்போது போட வேண்டும், சர்க்கரை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இரண்டாம் முறை ஸ்கேனுக்கு 2,900.

கழுத்தில் ஒரு முடிச்சு, ஈரலில் இரண்டு புள்ளிகள், நுரையீரல் உச்சியில் ஒன்று. நான் எல்லாமே புற்று என்று முடிவுகட்டிவிட்டேன். டாக்டர் அப்படிச் செய்யவில்லை. காசநோய்த் தழும்பும் அழற்சியும்கூட பெட் ஸ்கேனில் ஒளிரும் என்றார். அம்மாவுக்கு இளவயதில் காசநோய் வந்திருந்தது. நுரையீரலில் தெரிந்தது அந்தப் பழைய தழும்பாகவே இருக்கக்கூடும் என்றார். ஈரலில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், அது புற்றுதான். ஒளிர்கிற ஒரு புள்ளியை வைத்து ஒருவரை நான்காம் கட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. முடியுமானால் சதை எடுத்து உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். சிகிச்சையின் நோக்கமே அந்த ஒரு பதிலில் மாறிவிடுகிறது.

"அந்த ஒன்பது வாரம்தான் காரணமா?" என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, சி.டி. எடுத்த நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈரலில் இருந்திருக்கலாம் என்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனாலும் மார்ச்சிலேயே பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் இன்றைக்கு எனக்கு விடை தெரிந்திருக்கும். இப்போது தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை. பரவியிருக்கிறதா என்று முழுமையாகப் பார்த்து முடிப்பதற்குள் எந்த மருந்துக்கும், மூலிகைக்கும், அறுவைக்கும் பணம் கொடுக்காதீர்கள். கட்டி எந்த அடுக்குவரை போயிருக்கிறது, எத்தனை முடிச்சு, தொலைவில் எங்காவது உண்டா, இதை எந்தப் பரிசோதனை சொல்கிறது, இன்னும் எது பாக்கி என்பதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இரண்டு ஸ்கேனுக்கு நடுவே குரல் மாறினாலோ, தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தாலோ, முதுகு எலும்பில் புதிதாக வலித்தாலோ அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் குடித்ததும் வரும் இருமல், குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்ததாலும் இருக்கலாம்.

ஜூனில் கீமோ தொடங்கினார்கள். குணமாக்க முடியாது, நாளைக் கூட்டலாம், விழுங்குவதைச் சற்று எளிதாக்கலாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்க்கலாம் என்றார் டாக்டர். கீமோவோடு அதைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் பாதிப் பேர் தாண்டிய காலம் 9.8 மாதத்திலிருந்து 12.4 மாதமாகக் கூடியிருக்கிறது. சிலருக்கு அதைவிட நீண்ட பலனும் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு நானும் தம்பியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வீட்டை அடகு வைத்தாவது செய்திருக்கலாமே என்று ஓர் அத்தை துக்க வீட்டில் கேட்டார். அம்மா குடியிருக்கும் வீட்டை அடகு வைத்துவிட்டு, கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டரை மாதமும் அவரை எங்கே படுக்கவைத்திருப்போம்? இந்த ஒரு முடிவில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க எங்களுக்கு ஆன செலவு சில ரிங்கிட்தான். வெளியே செய்ததற்கு, பெட் ஸ்கேனையும் சேர்த்து, ஏறத்தாழ 15,000 போய்விட்டது. தனியாரில் ஸ்கோப் எடுத்ததற்கு நான் வருந்தவில்லை, அங்கே சீக்கிரம் தெரிந்தது. தெரிந்த அன்றே அறிக்கைகளையும் ஸ்கேன் தட்டையும் கேட்டு வாங்கி, பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்கப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். ஊழியர் சேமநிதி வாரியத்தில் (EPF) பெற்றோரின் கடும் நோய்க்காகவும் சுகாதாரச் செலவுக்கென்று பணம் எடுக்கலாம் என்பது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தேன். மூலிகைக்காரர் எனக்கு ரசீதே தரவில்லை. மாக்னா எனப்படும் தேசியப் புற்றுநோய் மன்றமும் வசதி குறைந்தவர்களுக்கு உதவுகிறது. மருத்துவமனைச் சமூகநல அதிகாரியிடம் கேட்டால் படிவம் கிடைக்கும்.

செப்டம்பரில் எச்சிலும் இறங்கவில்லை. ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பிவலை போன்ற சிறு குழாய், உள்ளே போய் விரிந்து வழியைத் திறக்கிறது. மூன்றாம் நாள் அம்மா தேநீர் குடித்தார். சூடாகக் கொடுக்காமல் ஆற்றித்தான் கொடுத்தேன். ரொட்டி, இறைச்சித் துண்டு, கட்டியான இடியாப்பம் எல்லாம் ஸ்டென்டில் அடைத்துக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வலி கூடியதும், குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் ஹோஸ்பிஸ் தாதியர் வீட்டுக்கே வந்து மார்ஃபின் அளவைச் சொல்லிக்கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஹோஸ்பிஸ் என்றால் கைவிட்டுவிட்டோம் என்று பொருள் என நினைத்து அவர்களை இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு மாதமும் அம்மா வலியோடு இருந்தார்.

ஈரல் விஷயத்தை அம்மாவிடம் மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஒருநாள் இரவு அவரே, "எங்கே எல்லாம் போயிருக்கிறது? சொல்லு" என்றார். டாக்டரிடம் மார்ச்சில் நான் கேட்கத் தவறிய கேள்வி. சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தம்பியை வரச்சொல்லச் சொன்னார், தோட்டத்துக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த வாரமே காரில் சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது, கோயில் மட்டும் இருக்கிறது.

அம்மா 2024 மார்ச்சில் இறந்தார், பெட் ஸ்கேன் எடுத்துப் பத்து மாதத்தில். சின்னம்மாவும் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இன்றும் வெற்றிலை போடுகிறவர். போன வாரம் பேசும்போது, "இப்போதெல்லாம் சப்பாத்தி நெஞ்சிலேயே நிற்கிறது" என்றார். வாயிலா, நெஞ்சிலா என்று மறுபடியும் கேட்டேன். நெஞ்சில்தான் என்றார். எடை போடச் சொல்லி எழுதிக்கொண்டேன், 54 கிலோ. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவருக்கு ஸ்கோப். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.